ஓல்பூர், ஐநூற்றி ஒன்று

மொய் நோட்டில் முப்பத்தேழாவது வரி:
கிர்ஸ்டனம்மாள், ஓல்பூர், ரூ. 501.

எழுதியவர் பஞ்சாயத்து கிளார்க் லிங்கத்துரை.
ஊர் கேட்டதற்கு அவள் ஓல்போர் என்றாள்.
அவர் காதில் அது ஓர் ஊராக விழுந்தது.
"எந்தத் தாலுகா?"
டென்மார்க்.
"நாங்குநேரிக்கு அங்கிட்டோ?"
பந்தலே சிரித்தது.
எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.
மூன்று மாதத்தில் அதைப் படித்திருந்தாள்.

காத்தாடிக் கம்பெனிக்கு வந்தவள்.
பணகுடியில் எங்கள் மாடியில் குடியிருந்தாள்.
எண்பது மீட்டர் ஏறி நின்று போல்ட்டு முடுக்குகிறவள்
எங்கள் மாடிப்படியில் மட்டும்
சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.
ஒரு படி உயரம் இன்னொரு படிக்கு இல்லையாம்.
டேப் வைத்துப் பார்த்தேன், உண்மை.
பதினாலு வருஷமாக என் காலுக்குத் தெரிந்தது
எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

வந்த புதிதில் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள்.
தெரு கவலைப்பட்டது.
மேலுக்கு முடியலையோ என்று
ஒரே பகலில் நாலு பேர் தட்டினார்கள்,
உச்சினி மட்டும் கையில் ரசத்தோடு.
அதற்கப்புறம் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆடி மாசம் கணவாய்க் காற்று
சோற்றில் மண்ணைப் போடும்.
பாழாய்ப்போன காத்து என்று நான் தட்டை மூடுவேன்.
மொட்டைமாடியில் அவள் கையை விரித்து நின்று
"பன்னிரண்டு!" என்று கத்துவாள்,
விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டராம்,
தக்காளி விலை இறங்கியது மாதிரி ஒரு சந்தோஷம்.

மஸ்கட்டிலிருந்து இவர் பேசும்போது கேட்பார்:
"அவகிட்ட யாராச்சும் சாப்டியான்னு கேக்காங்களா?"
கேட்டே கொல்லுதோம் என்பேன்.
போன் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.
எட்டு வருஷமாக ஒரே கட்டிடம்,
பக்கத்து ரூம்காரன் பேர் இவருக்குத் தெரியாது.

ஆதிலிங்கத்துக்குக் காது குத்தினோம்.
மாமன் மடியில் பிள்ளை அலறுகிறான்,
சனம் சிரிக்கிறது, கல்கண்டு பறக்கிறது.
இவள் முகம் வெளுத்து எழுந்துவிட்டாள்.
ஏன் சிரிக்கிறார்கள்?
"சத்தமா அழுதா காது சீக்கிரம் ஆறும்" என்றேன்.
யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை,
அந்த நேரத்துக்கு வாயில் வந்தது.
அவள் டைரியில் குறித்துக்கொண்டாள்.
ஓல்பூரில் இப்போது அது எங்கள் வழக்கம்.

கவரில் ஐநூறு வைத்திருந்தாள்.
சுழியில் முடிந்தால் உறவு முடிந்துவிடும் என்றதும்
பை முழுக்கத் துழாவி
ஒற்றை ரூபாய் ஒன்றைக் கண்டெடுத்தாள்.
"இது திரும்பி வருமா?"
"உங்க வீட்டு விசேசத்துக்குக் கூடவே வரும்."
"எங்க வீட்ல விசேசமே கிடையாது."
லிங்கத்துரை பேனாவை மூடாமல் அவளைப் பார்த்தார்,
ஏதோ துக்கச் செய்தி கேட்டவர்போல.

பங்குனியில் போனாள்.
போன வாரம் போட்டோ வந்தது.
மழை. ஒரு கட்டிட வாசல்.
மாப்பிள்ளையோடு சேர்த்து ஏழு பேர், ஒரு நாய்.
பந்தி இல்லை. நோட்டு எழுத ஆள் இல்லை.

பேங்கில் கேட்டேன்.
ஆயிரத்தொண்ணு அனுப்ப
ஆயிரத்தி எழுநூறு பிடிப்பார்களாம்.
"விட்ருங்கக்கா" என்றது கவுண்டர் பையன்.
விடுகிற கணக்கா தம்பி இது?

கடைசியில் இவர்தான் மஸ்கட்டிலிருந்து அனுப்பினார்.
பாரத்தில் சொந்த ஊர் எழுதச் சொன்னார்களாம்.
பணகுடி என்று எழுதினாராம்.
"அதெவிடெ?" என்றானாம் கவுண்டரில் இருந்த மலையாளி.
"ஓல்பூருக்குப் பக்கம்."

சொல்லிவிட்டு இவர் சிரித்த சிரிப்பு
ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த கதவு மாதிரி
கிறீச்சென்று கேட்டது.
அப்புறம், வழக்கத்துக்கு மாறாக, நான் கேட்டேன்:
சாப்டியளா?